ஹாமர்ஃபெஸ்ட் துறைமுகத்தில் ஒரு படையல்

காலை ஏழு மணிக்குக் கப்பல் ஹாமர்ஃபெஸ்டில் நங்கூரமிட்டது. நார்வே நாட்டின் வடகோடியில் உள்ள துறைமுகம். ஜூலை மாதம். சூரியன் மறைவதைப் பார்த்து நான்கு நாளாகிவிட்டது.

மலாயா விடுதலை பெற்ற மறு ஆண்டு அது. லண்டனில் வேலை பார்க்கும் மகன், மனைவியை இழந்த எனக்கு மாறுதலாக இருக்கட்டும் என்று இந்தக் கோடைக்காலக் கப்பலில் ஏற்றிவிட்டான். உண்மையில் நான்தான் ஓடிவந்தேன். என் மனைவி மீனாட்சி மலாக்காவின் காஜா பெராங்கில், கம்போங் செட்டியில் பிறந்தவள். அங்கே பழக்காலம் வந்தால் இறந்தவர்களுக்குப் பழம் படைப்பார்கள். பர்ச்சு என்று அதற்குப் பெயர். அவள் தன் பெற்றோருக்குப் படைத்த ஒவ்வொரு வருடமும், பள்ளி ஆசிரியனான நான் அடுத்த அறையில் பத்திரிகை படித்தேன். இந்த வருடம் அவளுக்கே முதல் படையல். அவள் தங்கை குறித்திருந்த நாள் இன்றுதான்.

ஒன்பது மணிக்குப் படகில் கரைக்குப் போனோம். ஊரில் மரமே இல்லை. எங்கும் மீன் ஆலையின் வாடை. தெருவுக்குள் வந்துவிட்ட கலைமான் ஒன்றை ஒருத்தி துடைப்பத்தால் விரட்டிக்கொண்டிருந்தாள். வீடுகள் எல்லாம் புதியவை. பின்வாங்கிய ஜெர்மன் படை ஊரையே கொளுத்தியதாம். மிஞ்சியது இடுகாட்டுச் சிறு தேவாலயம் மட்டும். அங்கே ஒரு கிழவர் கல்லறை அருகே மண்டியிட்டுப் பூச்செடி நட்டுக்கொண்டிருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

துறைமுகத் தெருக் கடையில் மூன்று ஆரஞ்சும், ஒரு டின் அன்னாசியும் கிடைத்தன. டின்னில் மலாயா என்று அச்சிட்டிருந்தது.

கப்பலில் என் அறையைக் கவனிக்கும் காசிம் மலாக்கா உஜோங் பாசிர்க்காரர். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னா சார், நானாஸ் டின்னு வாங்கவா இம்மாந்தூரம் வந்தீங்க? நம்ம பாசார்ல கெடைக்காததா?"

"தொறந்து குடுங்க காசிம். கழுவுன தட்டு ஒண்ணும் வேணும்."

"இன்னும் பசியாறலயா?"

"எனக்கில்ல. வீட்டுக்காரிக்கு."

அவள் இறந்தது அவருக்குத் தெரியும். சிரிப்பு நின்றது. டின்னைத் திறந்து தந்தார்.

சன்னல் திரையை இழுத்து வெளிச்சத்தை மறைத்தேன். தட்டை வைத்துப் பழங்களை அடுக்கினேன். பிறகு அழைக்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. தமிழ் வம்சம்தான் என்றாலும், தலைமுறைகளாக அவள் வீட்டு மொழி மலாய். இது தமிழ் வீடு என்று சொல்லி அதை நான் வாசலோடு நிறுத்தியிருந்தேன். கடைசி நாட்களில் அவளுக்கு அந்த மொழி மட்டுமே வந்தது. அப்போதும் நான் தமிழில்தான் பதில் சொன்னேன்.

"சினி, மாக்கான் புவா" என்றேன். இங்கே வா, பழம் சாப்பிடு. அவள் மொழியில் அவளிடம் நான் பேசியது அதுவே முதல் தடவை.

அழைத்தபின் உயிரோடிருப்பவர்கள் வெளியேறிக் கதவைச் சாத்திவிட வேண்டும். நடைவழியில் வந்து நின்றேன். மூன்று மணி. கப்பல் ஊதியது, காலடியில் தரை அதிர்ந்தது. துவாலைகளோடு காசிம் வந்தார்.

"மேல எல்லாரும் ஊரப் பாத்து கை காட்டுறாங்க. நீங்க இங்க நிக்கிறீங்க? சாவி தொலஞ்சிருச்சா?"

"உள்ள அவ சாப்பிடுறா."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எவ்ளோ நேரமாவும் சார்?"

"தெரியாது காசிம். நான் ஒருநாளும் கூட இருந்ததில்ல."