நடுக்கமில்லாத பிரேக்

ஒரு விரலால் அழுத்திப் பார்த்தே பிரேக்கின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கியவர் அவர். மலைச்சரிவில் சைக்கிள் ஓட்டுகிற பித்துப்பிடித்த கூட்டம் ஒன்று இருக்கிறதே, அவர்களுக்கான இணையப் பத்திரிகையில் வேலை. சந்தைக்கு வரும் டிஸ்க் பிரேக்குகளை ஒவ்வொன்றாக மாட்டி, சரிவில் இறங்கி, எது தேவலாம் என்று ஒப்பிட்டு எழுத வேண்டும். வாசகர்களுக்கு அவர் விரலண்ணன். சொந்தப் பெயர் வங்கிக்காரருக்கும் வீட்டுக்காரிக்கும் மட்டும்தான் தெரியும்.

மிக்சி வாங்கக்கூட முன்பின் தெரியாத நாலு பேரின் அபிப்பிராயத்தைப் படித்துவிட்டுத்தான் நாம் பையில் கை விடுகிறோம். உயிரை ஒப்படைக்கிற பிரேக் என்றால் சும்மாவா? விரலண்ணன் நல்லது என்று எழுதிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். அவரும் அந்த நம்பிக்கையை விற்றுத் தின்றவரல்லர். கம்பெனிகள் அனுப்பும் இலவசப் பெட்டிகளைத் திறக்காமலே திருப்பிவிடுவார். கடையில் தானே வாங்கியதைத்தான் சோதிப்பார். பொய்யராக இருந்திருந்தால் எனக்கும் இதைச் சொல்வதில் இத்தனை வேதனை இருக்காது.

இந்த முறை நாலு பிரேக்குகள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் டிஸ்க் பழுக்கச் சூடாகும். மட்டமான டிஸ்க் சூட்டில் நெளியும். அந்த நெளிவு கைப்பிடியில் இருக்கும் லீவரில் நடுக்கமாக விரலுக்கு வரும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் போல்ட்டுகள் தளர்ந்து, என்றைக்காவது பாதிச் சரிவில் பிரேக் கைவிட்டுவிடும். ஆகவே நடுக்கம் உண்டா இல்லையா என்பதுதான் பரீட்சை.

முதல் மூன்றை வெயில் காலத்திலேயே முடித்துவிட்டார். மூன்றிலும் கொஞ்சம் நடுக்கம் இருந்தது. நாலாவது கடைக்கு வரத் தாமதமாகி, குளிர்காலத்தில்தான் கிடைத்தது. அதே சரிவு, அதே சைக்கிள், அதே வேகம். துளி நடுக்கமில்லை! நாலாவதற்கே முதலிடம் கொடுத்து எழுதினார். வாசகர்கள் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, சாப்பிடும்போது மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னங்க இது, விரலெல்லாம் இப்படிப் பொத்துக் கிடக்கு?"

ஆள்காட்டி விரல் நுனியில் பெரிய கொப்புளம். மத்தியானம் சூடான டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தது நினைவுக்கு வந்தது. சுட்டது மட்டும் நினைவில்லை. சில மாதங்களாகவே சட்டைப் பொத்தான் போட முடியாமல் தையற்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாரே, அதற்கும் அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. வருடக்கணக்காகக் கைப்பிடியில் வாங்கிய குலுக்கல் நரம்பைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். உணர்ச்சி திரும்பாது, பிடிப்பும் போகப்போகத் தளரும் என்றும் சொன்னார்.

எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்து ஒப்பிட்ட மனிதருக்குத் தன் கையே மாறிப்போனது தெரியவில்லை.

நேரே பத்திரிகை ஆசிரியையிடம் போனார். டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம்.

"அந்தக் கட்டுரையை எடுத்துடுங்க மேடம். என் கை மரத்துப்போச்சு. எப்பலேருந்துன்னு எனக்கே தெரியல."

"எடுத்தா நீங்க இதுவரைக்கும் எழுதின அத்தனையையும் சந்தேகப்படுவாங்க சார். கீழே ஒரு குறிப்பு போட்டுடறேன்."

போட்டாள். எறும்பு படிக்கிற எழுத்தில்.

கட்டுரையின் கீழே யாரோ ஒருவன், லீவர் நடுங்குகிறதே என்று எழுதியிருந்தான். விரலண்ணனைவிட உனக்குத் தெரியுமா என்று கூட்டமாக மேலே விழுந்து பிடுங்கியிருந்தார்கள். கடைசியில் அவனே, 'நான்தான் சரியாக மாட்டவில்லை போலிருக்கிறது, மன்னிக்கவும்' என்று முடித்திருந்தான். அதைப் படித்துவிட்டு விரலண்ணன் அழுதார். 'அவர் சொல்வதே சரி, தவறு என்னுடையது' என்று பதில் போட்டார். அண்ணன் பெயரில் எவனோ விளையாடுகிறான் என்று அதையும் துரத்திவிட்டார்கள்.

அடுத்த விடுமுறை நாளில் மனைவியின் தம்பி புது சைக்கிளோடு வந்து நின்றான். அதில் மாட்டியிருந்தது அந்த நாலாவது பிரேக்.

"மாமா, பிரேக் பிடிச்சா கை உதறுது. டாக்டர்கிட்டகூடக் காட்டிட்டேன். கை நல்லாத்தான் இருக்காம். அப்ப நான் மாட்டினதுதான் தப்பு, இல்ல?"

அவர் வாங்கித் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினார். லீவர் அதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது. விரல் ஒன்றுமே சொல்லவில்லை.

"உன் கை சரி. மாட்டினதும் சரி. பிரேக்தான் மோசம். என் கை செத்துப்போச்சுடா, அது தெரியாம எழுதிட்டேன். இதுல மலைக்குப் போகாத."

"நிஜமாத்தான்டா சொல்றார்," என்றாள் மனைவி வாசலிலிருந்து. "நெருப்பு சுட்டாக்கூட அவருக்குத் தெரியறதில்ல."

அவன் முகம் வாடிவிட்டது. மாமாவின் கையைத் தடவிக்கொடுத்தான்.

"அய்யோ பாவம். ஆனா இது இப்ப வந்ததா இருக்கும் மாமா. எழுதும்போது நல்லாத்தான் இருந்திருக்கும். தெரியாம இவ்வளவு கச்சிதமா எழுத முடியுமா? 'லீவர் விரலோடு பேசுகிறது, அந்தப் பேச்சில் துளி நடுக்கமில்லை.' எனக்கு மனப்பாடம்."

நல்ல வாக்கியம்தான். வெகு காலத்துக்கு முன்பு வேறொரு பிரேக்கைப் பற்றி அவர் எழுதியது. அன்று அது உண்மை. கைப்பழக்கத்தில் திரும்பவும் வந்து விழுந்துவிட்டது.

"சொன்னாக் கேளுடா. வேணாம்."

"போல்ட்டை நல்லா இறுக்கிட்டாச் சரியாயிடும் மாமா. பசங்க மலையடிவாரத்துல காத்துக்கிட்டிருப்பாங்க."

அவன் ஏறி உட்கார்ந்தான். வேறு வழி தெரியாமல் விரலண்ணன் சீட்டின் பின்பக்கத்தை எட்டி, பலங்கொண்ட மட்டும் பிடித்துக்கொண்டார். அவன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், இந்த வீட்டுப் படியே மிதிக்காமல் போகட்டும், விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"வரேன்க்கா!" என்ற குரல் தெருமுனையிலிருந்து கேட்டது.

அவர் கையைப் பார்த்தார். விரல்கள் மடங்கியே இருந்தன.

"பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க?" மனைவி பதறி ஓடிவந்தாள். "ஏங்க விட்டீங்க?"

"நான் விடலையே," என்றார்.