கடலூர்க் கூட்டத்தில் மச்சான்

சிதம்பரத்தில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே சடையப்பன் கடலூருக்குப் பஸ் ஏறினான். மேல வீதிப் பக்கத்துச் சந்தில் எரிந்துபோன தண்ணி மோட்டாருக்குச் செப்புக் கம்பியால் காயில் கட்டும் கடை அவனுடையது. அவன் குடிப்பது ஊருக்கே தெரியும். அதில் அவனுக்குக் கூச்சமில்லை. குடியை நிறுத்த வேண்டி ஓரிடத்தில் போய் உட்கார்ந்திருப்பது தெரிந்தால்தான் மானம் போய்விடும் என்று நினைத்தான்.

மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டரம்மா சொல்லியிருந்தார். "மருந்து ஒடம்புக்குத்தான். மத்ததுக்கு ஆளுங்க வேணும். கடலூர்ல ஞாயித்துக்கெழம ஏ.ஏ. கூட்டம் நடக்குது. குடிச்சி மீண்டவங்களே நடத்துறாங்க. போய்ப் பாருங்க."

வீடு திரும்பிக் கொஞ்ச காலம் ஒழுங்காக இருந்தான். பொங்கலோடு மறுபடி ஆரம்பித்தான். ஒரு நாள் மெல்லிய செப்புக் கம்பியைப் பிடித்த கை நிற்காமல் ஆடியது. கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தவனை, சாப்பாடு கொண்டு வந்த மனைவி எழிலரசி பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டவில்லை.

"டாக்டரம்மா சொன்ன எடத்துக்குத் தொணைக்கு வரட்டா?"

"வேணாம். நானே போறேன்."

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தேவாலயத்தின் பின்புறத்து அறை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சடையப்பன் நுழைந்து உட்கார்ந்த பிறகுதான் எதிர் வரிசையைப் பார்த்தான். இஸ்திரி போட்ட சட்டையில் அன்பரசு. எழிலரசியின் அண்ணன். கல்லூரி ஆபீசில் வேலை பார்ப்பவர். அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் சடையப்பன் குடித்துவிட்டுப் பந்தல் வாழைமரத்தோடு சாய்ந்தான். இனி என் வாசப்படி மிதிக்காதே என்று சொல்லி அனுப்பியவர் அதன்பின் அவனோடு பேசவேயில்லை.

தன்னை வேவு பார்க்கத்தான் எழிலரசி அவரை அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்து விருட்டென்று எழுந்தான். அதற்குள் அன்பரசு பேசும் முறை வந்துவிட்டது.

"என் பேரு அன்பரசு. நான் ஒரு குடிநோயாளி."

சடையப்பன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"நான் ரூம் கதவச் சாத்திக்கிட்டு குடிச்சவன். வெளிய யாருக்கும் தெரியாது. என் தங்கச்சி வூட்டுக்காரரு ஊரறியக் குடிச்சாரு. அவர எல்லார் முன்னாடியும் வெளிய போடான்னேன். சொல்லும்போது என் வாயில ஏலக்கா இருந்துச்சு. வாசன தெரியக் கூடாதுன்னு."

அவர் சடையப்பன் பக்கம் திரும்பவில்லை. சடையப்பன் மெல்ல உட்கார்ந்தான். தன் முறை வந்ததும் பெயரைச் சொன்னான். "இன்னிக்கி கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கேன்" என்றான். "அதுவே போதும்" என்றார் கூட்டம் நடத்தியவர்.

திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் ஒரே சீட்டு. புதுச்சத்திரம் தாண்டியதும் சடையப்பன் கேட்டான்.

"ஏலக்காயா மச்சான்?"

"ஏலக்காதான்."

முதலில் சடையப்பனுக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு இருவருமே கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். முன்சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"எழிலுக்குத் தெரியாது. நானே வந்து சொல்றேன். நீ சொல்லிடாத மாப்ள" என்றார் அன்பரசு.

சொன்னபடி வந்து சொன்னார். எழிலரசி முழுதும் கேட்டுவிட்டு, "சாப்ட்டுட்டுப் போண்ணா" என்று உள்ளே போனாள். அடுப்படியில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கூடத்தில் இருந்த இருவருக்கும் கேட்டது.

எல்லாம் நேர்க்கோட்டில் போய்விடவில்லை. ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் சடையப்பன் குடித்துவிட்டான். அடுத்த ஞாயிறு கடையை விட்டு நகரவில்லை. அன்பரசு தேடி வந்தார்.

"மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும் மச்சான். எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு வர்றது?"

"அங்க இருக்கிற அத்தினி பேரும் மொதல்லேர்ந்து ஆரம்பிச்சவங்கதான். சட்டய மாத்து. பஸ்ஸு போயிடும்."

அந்த வருஷம் முடிவதற்குள், சிதம்பரத்திலேயே ஒரு கூட்டம் வைக்கலாம் என்று சொன்னவன் சடையப்பன். அன்பரசு தயங்கினார்.

"நம்மூருலயா? ஜனங்க பாப்பாங்களே."

"குடிச்சிட்டு உழுந்து கெடந்தப்ப பாத்தாங்க. இதையும் பாக்கட்டுமே."

இடம்தான் கிடைக்கவில்லை. குடிகாரர்கள் என்றதுமே ஹால்காரர்கள் கையை விரித்தார்கள். கடைசியில் எழிலரசி தனக்குத் தெரிந்த டியூஷன் சென்டர் டீச்சரிடம் பேசி, ஞாயிறு மாலைக்கு மாடி அறையைக் கேட்டு வாங்கினாள். தொடக்கத்தில் கடலூர் நண்பர்கள் வந்து துணைக்கு உட்கார்ந்தார்கள். அவர்கள் வராத வாரங்களில் மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு டீ குடித்துவிட்டு இறங்கினார்கள்.

அப்படியொரு ஞாயிறு மாடிப்படியில் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் லோகநாயகி. காட்டுமன்னார்கோயிலில் அரிசி மில் வேலை.

"வாங்கம்மா. வூட்டுக்காரருக்காக வந்தீங்களா?" என்றார் அன்பரசு.

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே இறங்கிவிடுவாள் போலிருந்தது.

"இல்லீங்க. எனக்குத்தான்."

சடையப்பன் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்கம்மா. என் பேரு சடையப்பன். நானும் குடிநோயாளிதான். இன்னிக்கி குடிக்கல."

லோகநாயகி உட்கார்ந்தாள். ஊருக்குப் பஸ் எத்தனை மணிவரை இருக்கும் என்று மட்டும் கேட்டாள். நிறைய நேரம் இருக்கிறது என்று அவன் சொன்னதும், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள்.