அம்மன் நிறுத்திவைத்த கால்

முட்டிக்குள் டப் என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்டிருக்கிறது. அத்தோடு என் பிழைப்பு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நான் சேத்தூர்க்காரன். கபடி ஆடுகிறவன். எழுதிப் பழக்கமில்லை. திருவிழா மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கமிட்டியில் கேட்டார்கள், அம்மாவும் விடவில்லை. எழுதுகிறேன். அலங்காரமாக வராது. நடந்தது வரும்.

டிவியில் காட்டுகிற பெரிய லீக்கின் ஏலத்தில் முதல் சுற்றிலேயே என்னை ஓர் அணி எடுத்தது. ஊரில் வெடி போட்டார்கள். ராஜபாளையத்தில் என் படம் போட்டு பிளக்ஸ் வைத்தார்கள். அந்த பிளக்ஸ் வெளுப்பதற்குள் என் கால் போய்விட்டது. புரட்டாசியில் பயிற்சி முகாம். ரெய்டு போய்த் திரும்பும்போது இடது காலை ஊன்றி உடம்பைத் திருப்பினேன். உடம்பு திரும்பியது. முட்டி திரும்பவில்லை. எவனும் என்னைத் தொடக்கூட இல்லை.

ஜவ்வு அறுந்துவிட்டது என்றார்கள். மதுரையில் ஆபரேஷன். தொடையிலிருந்து தசைநாரை எடுத்து உள்ளே புது ஜவ்வாக வைத்துத் திருகினார்கள். அந்த சீசன் போனது. அணிக்காரர்கள் ஒன்று சொன்னார்கள். வைகாசியில் வந்து டெஸ்ட் கொடு. ஒற்றைக் காலில் குதித்து இறங்கிக் காட்டு. தேறினால் வைத்துக்கொள்கிறோம், தேறாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறோம்.

ஊருக்கு வந்தேன். தோப்பில் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு காலை மடக்கி நீட்டுவதுதான் வேலை. டீக்கடைக்குப் போனால் அங்கே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும்.

"ஏலே, ஏலத்துக்குப் போன மாடு நொண்டிக்கிட்டுத் திரும்பி வந்துருச்சுடா."

"சும்மா சொல்லாத. பல்லைப் பாத்துட்டு எடுத்தாய்ங்க, காலைப் பாக்க மறந்துட்டாய்ங்க."

விளையாட்டுக்குத்தான் சொன்னார்கள். நான் கிளாஸைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தேன். அப்போது எனக்கு எல்லார் மேலும் கோபம். குனிந்து சோறு வைக்கிற என் வீட்டுக்காரி செல்வி மேலும் கோபம். ஏன் என்று கேட்டால் காரணம் கிடையாது. அவளுக்கு இரண்டு முட்டியும் நன்றாக இருந்தன, அதுதான் காரணம்.

பங்குனியில் எங்கள் மாரியம்மனுக்குத் திருவிழா. எனக்குக் கால் சரியாக வேண்டும் என்று நான் பால்குடம் எடுப்பதாக அம்மா நேர்ந்திருந்தாள். பால்குடம் எடுப்பவர்கள் கொடியேற்றத்தன்று காப்புக் கட்ட வேண்டும். மஞ்சள் கயிறு, அவ்வளவுதான். ஆனால் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊரைத் தாண்டி ராத்திரி தங்கக்கூடாது. பகலில் ராஜபாளையம் போய்விட்டு வரலாம். பொழுது சாய்வதற்குள் ஊர் எல்லைக்குள் கால் வைத்துவிட வேண்டும். டெஸ்ட் வைகாசியில்தானே, கட்டிக்கொண்டால் என்ன என்று கையை நீட்டினேன்.

கட்டிய மறுநாள் அணி மேனேஜர் போன் செய்தார்.

"தம்பி, டெஸ்டை முன்னாடி வச்சுட்டாங்க. இந்த வாரமே கிளம்பி வா. தேறினவங்க பேரை உடனே கொடுக்கணும்."

கால் முழுதாகச் சரியாகவில்லை, அது எனக்குத் தெரியும். உள்ளே ஏதோ ஒன்று அவ்வப்போது கடக்கென்று இடறும். வெளியே சொல்லவில்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு குதித்துவிடலாம் என்று இருந்தேன். ராத்திரி தங்காமல் டெஸ்டுக்குப் போய்த் திரும்ப முடியாது, இடையில் இந்தக் கயிறு.

வீட்டில் கத்தினேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"போகணும்னா போ. நான் தடுக்கல. அறுக்குறதா இருந்தா நீயே அறு. என்னைய அறுக்கச் சொல்லாத."

"நீதானம்மா நேர்ந்த?"

"நேர்ந்தது நானு. கையை நீட்டுனது நீ."

கோவிலுக்குப் போனேன். உச்சி வெயில். ஆள் இல்லை. பூசாரி நடை சாத்தப்போனார். அவிழ்த்துவிடச் சொன்னேன்.

"கட்டத்தான் எனக்குத் தெரியும். அவுக்குறது திருவிழா முடிஞ்ச பொறவுதான். அதுக்கு முன்னாடி வேணும்னா அவகிட்டயே கேளு" என்று கருவறைப் பக்கம் கையைக் காட்டிவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டார்.

கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதையான சொல். சண்டை போட்டேன். "உனக்கு என்ன குறை வச்சேன்? ஒவ்வொரு மேட்சுக்கும் உன் பேரைச் சொல்லித்தான கோட்டைத் தொட்டேன்? எனக்கு இந்த சீசன் வேணும். கோர்ட்டுல கால் வைக்க விடு. இல்லன்னா கபடிங்குற நெனப்பையே எடுத்துரு." அழுதேனா என்று கேட்காதீர்கள்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மணி அடிக்கவில்லை, பல்லி கத்தவில்லை. வீட்டுக்கு வந்து பிளேடை எடுத்தேன். கயிற்றில் வைத்தேன். அறுக்க முடியவில்லை. பக்தியால் என்று சொன்னால் பொய். பயத்தால். அறுத்துவிட்டுப் போய்க் காலும் ஒடிந்தால் அந்தப் பழியைத் தூக்கிக்கொண்டு என்னால் உயிரோடு இருக்க முடியாது.

மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"சார், வர முடியாது."

"ஏம்பா, காலு வலிக்குதா?"

"காலு இல்ல சார். கையி."

"கைக்கு என்ன?"

"காப்புக் கட்டியிருக்கு."

"இதை நான் அங்க போய் எப்படிப்பா சொல்லுவேன்?" என்றார். நல்ல மனுஷன். வைத்துவிட்டார். இரண்டு நாளில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். என் இடத்துக்கு ஒரு சின்னப் பையனை எடுத்தார்கள்.

என் வேண்டுதலுக்குப் பதில் வந்துவிட்டது, இல்லை என்று. அப்படித்தான் நினைத்தேன். சாமி படத்தைத் திருப்பி வைத்தேன். செல்வி மறுபடி நேராக வைத்தாள்.

பால்குடத்தன்று வேண்டாவெறுப்பாகத்தான் குடத்தைத் தலையில் ஏற்றினேன். தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்திருந்தார்கள். சமமான ரோடு. ஓட்டமில்லை, ஆட்டமில்லை. கோவில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் முட்டி கடக்கென்று மாட்டிக்கொண்டது. மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. பூட்டுப் போட்டமாதிரி நின்றுவிட்டது. வியர்த்துக் கொட்டியது. பின்னால் வந்தவர்கள் அருள் வந்துவிட்டது என்று குலவை போட்டார்கள். எனக்கு வந்தது கெட்ட வார்த்தை. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

செல்வி கூட்டத்துக்குள் புகுந்து வந்து என் இடுப்பைப் பிடித்தாள். "சாயுங்க எம்மேல. குடத்தை நீங்க பாருங்க, உங்களை நான் பாக்கேன்." அவள் தோளில் பாதிப் பாரத்தைப் போட்டு, காலை இழுத்து இழுத்துப் போய்ப் பாலை ஊற்றினேன்.

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் எலும்பு டாக்டரம்மாவிடம் போனோம். ஸ்கேன் எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார்.

"எவ்வளவு நாளா உள்ள இடறுது?"

சொன்னேன்.

"யார்கிட்டயும் சொல்லலையா? வச்ச ஜவ்வு நல்லாத்தான் பிடிச்சிருக்கு. ஆனா மூட்டுக்கு நடுவுல இருக்கிற குஷன் கிழிஞ்சு, மடங்கி, உள்ள மாட்டியிருக்கு. இதோட குதிச்சீங்கன்னா புது ஜவ்வும் சேர்ந்து போயிருக்கும். ரெண்டாவது தடவை போனா கபடியை டிவியிலதான் பாக்கணும்."

"குதிக்கத்தான் மேடம் போறதா இருந்தேன்."

"யாரு நிறுத்தினாங்க? அவங்களுக்கு ஒரு கும்பிடு போடுங்க."

செல்வி என் கையைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்து வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டேன்.

கிழிந்து மாட்டியிருந்ததை விடுவித்துத் தைத்தார்கள். மறுபடி தென்னை மரம், மறுபடி மடக்கி நீட்டல். இந்தத் தடவை கிளாஸை எறியவில்லை. போன ஏலத்தில் கடைசிச் சுற்றில், எல்லாரும் எழுந்து போகிற நேரத்தில், வேறோர் அணி என்னை எடுத்தது. முதல் மேட்சில் எதிரணியில் மூலையில் நிற்பவன் என் இடது கணுக்காலைப் பிடித்து முறுக்கினான். முறுக்கிய முறுக்கில் எனக்குச் சத்தம் கேட்கப்போகிறது என்று காத்துக்கொண்டே விழுந்தேன். சத்தம் வரவில்லை. நடுவர் குனிந்து எழுந்திருக்க முடியுமா என்றார். நான் அவுட். அவுட் ஆனதற்காக களத்து விரிப்பில் படுத்துக்கொண்டு சிரித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதைப் படிக்கிற சிலர் கேட்பீர்கள். டெஸ்டுக்குப் போயிருந்தாலும் வழியிலேயே முட்டி மாட்டியிருக்கலாமே, குதிக்கும் முன்பே தெரிந்திருக்குமே என்று. இருக்கலாம். நானும் யோசித்தேன். எனக்கு நிரூபிக்கத் தெரியாது. ஆனால் என்னை எனக்குத் தெரியும். மாட்டிய காலை உதறி எடுத்துவிட்டுக் குதித்திருப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னோடு முகாமில் இருந்தவன் ஒருவனுக்கு இதே ஜவ்வுதான் போனது. அவன் வீட்டிலும் விரதம் இருந்தார்கள். அவனால் திரும்ப ஆட முடியவில்லை. இப்போது லோடு வண்டி ஓட்டுகிறான். என் இடத்துக்கு வந்த சின்னப் பையன் வீட்டிலும் யாரோ வேண்டியிருப்பார்கள், அவர்களுக்கும் அன்றைக்குத்தான் பதில் கிடைத்திருக்கும். அதனால் அம்மன் எனக்கு மட்டும் சொந்தக்காரி என்று மார்தட்ட எனக்கு வாய் வரவில்லை. எனக்குச் செய்ததை மட்டும் சொல்கிறேன். நான் சீசனைக் கேட்டேன். அவள் காலைக் காப்பாற்றினாள். இரண்டும் ஒன்றில்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கஷ்டத்தில் இருக்கிறவர்கள் வந்து கேளுங்கள். நல்ல வார்த்தை தெரியாவிட்டால் கோபமாகவே கேளுங்கள். அவள் அதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவள் இல்லை. இல்லை என்பதுபோல் இருந்தால் உடனே படத்தைத் திருப்பாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். வலித்தால் டாக்டரிடமும் போங்கள், மறைக்காமல் சொல்லுங்கள். சாமி இருக்கிறது என்று ஸ்கேன் எடுக்காமல் இருக்காதீர்கள்.

இன்றைக்குச் சாயங்காலம் பயிற்சி. முட்டி லேசாக வலிக்கிறது. தாயே என்று கும்பிட்டுவிட்டு, கோச்சிடம் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே இறங்குவேன்.