தகரத்துக்கென்று போட்ட கையெழுத்து

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனின் பெயரைத் தூக்கித் தோட்டக் கம்பெனிக்குக் கொடுத்தவர் நீங்கள்தான். கொழும்பில் வியாபாரக் குறி பதிகிற அலுவலகத்தில் அந்த உத்தரவைப் போட்ட அதிகாரியைத்தான் சொல்கிறேன்.

டிக்கோயாவுக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், நான் மிளகாய் இடித்துக் கட்டச் சம்பல் செய்து போத்தலில் அடைத்து விற்கிறவள். போத்தலில் டிவிசனின் தமிழ்ப் பெயரை ஒட்டியிருந்தேன். தோட்டத்துக் காகிதங்களில் வெள்ளைக்காரன் வைத்த பெயர்தான் இருக்கும். தமிழ்ப் பெயர் கொழுந்து பறித்தவர்கள் வைத்தது. பழைய துரை பங்களாவை வெளிநாட்டார் தங்கும் விடுதியாக்கும் வரை கம்பெனி அந்தப் பெயரை வாயால்கூடச் சொன்னதில்லை. பிறகு விடுதிக்கும் சாப்பாட்டுச் சாமான்களுக்கும் சேர்த்து அதைத் தன் பேரில் பதிந்துகொண்டது. அதே பெயரைச் சம்பலுக்குப் பதியக் கேட்ட என் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டீர்கள். அது எங்கள் பெயர் என்று எழுதினேன். டிவிசன் மக்கள் சம்மதித்துக் கையெழுத்திட்ட பட்டியல் இருக்கிறது என்று பதில் எழுதினீர்கள்.

அதில் என் கையெழுத்தும் இருந்தது. நான் போட்டதுதான்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், நீட்டுகிற தாளில் எல்லாம் போடுவோம். மாவுக்கு, மழைப் படங்குக்கு, எதற்கும். என்ன தாள் என்று கேட்டு நின்றால் மலைக்குப் போகப் பிந்தும். பிந்தினால் அரைநாள் பேர்தான் விழும், பாதிச் சம்பளம்தான். அன்றைக்கு மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா, "கூரைத் தகரத்துக்கு, வெரசா போடுங்க" என்றார். தாள் இங்கிலீசில் இருந்தது. போட்டோம்.

உங்கள் முடிவை எதிர்த்துக் கொழும்பில் வழக்குப் போட்டேன். கம்பெனி வக்கீல் அந்தத் தாளைக் காட்டிக் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"இது உங்க கையெழுத்தா?"

"என்னோடதுதாங்க. தகரம் தர்றோம்னு வாங்குனாங்க."

"வாசிச்சுப் பார்த்தீங்களா?"

"பெரட்டுல யாருங்க வாசிப்பா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். என் வக்கீல் என்னைப் பார்க்கவே இல்லை. அடுத்த தவணையில் வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது லயத்தில் பக்கத்துக் காம்பரா அக்கா தன் அறை வாசலில் நின்றாள்.

"என்னடி சட்டக்காரி, கோர்ட்டுல ரெண்டு தகரமாச்சும் கேட்டு வாங்கியாந்தியா? எங்கூட்டுல ஒழுகுது."

அவள் கையெழுத்தும் அதே தாளில்தான். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

ஹட்டன் கடை முதலாளி போத்தல்களைத் திருப்பிக் கொடுத்தார். "பேர கிழிச்சிட்டுக் கொண்டாங்க தங்கச்சி. இப்படியே வச்சா எனக்கும் கேஸ் வரும்." சுடுதண்ணீரில் ஊறவைத்து, நகத்தால் சுரண்டினேன். இப்போது மொட்டைப் போத்தலாக விற்கிறேன். யாருடைய சம்பல் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. பாதிகூட ஓடுவதில்லை.

மேன்முறையீட்டிலும் ஒன்றும் நடக்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார். பெயர் திரும்பாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பட்டியலில் இருக்கிற ஒருத்தரையாவது கூப்பிட்டு, எதற்குக் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் யாரை? எனக்குக் கடிதம் போட வேண்டாம். லயத்தில் எல்லோரும் வாசிக்கும்படி, தமிழில், பத்திரிகையில் பதில் சொல்லுங்கள்.