இரண்டு பேர் ஊற்றிய தண்ணீர்

அறுபது செஸ்நட் கன்றுகளும் இனி என் பொறுப்பு என்று பண்ணைக்கார அம்மா சொன்னபோது அப்பா என் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு ஆங்கிலம் விளங்காது.

"என்னவாம்?" என்றார்.

"குளிர்காலம் வரைக்கும் இந்தக் கண்டுகளை நல்லா வளர்த்துக் குடுத்தா எங்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போவாவாம். மரங்களைப் பார்த்துக்கொண்டு அங்கயே இருக்கலாமாம். சின்ன வீடு ஒண்டு இருக்காம்."

"குசினி?"

"ஓம், குசினியும் இருக்கு."

"எங்களுக்கு மட்டுமோ?"

"எங்களுக்கு மட்டும்தான்."

 அன்று முழுவதும் அப்பா வேலைக்கிடையே அந்தக் கன்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பண்ணைக்கு நடந்து போகும் தூரத்தில், கிரான்பர்னில் நாங்கள் இருந்த வீட்டில் ஒன்பது ஆண்கள். எனக்கும் அப்பாவுக்கும் ஓர் அறை, மேலும் கீழுமாக இரண்டு கட்டில். ஒரே குசினி, சமையலுக்கு ஆளுக்கு அரை மணி நேரம். எங்கள் முறை இரவு எட்டரைக்கு. மன்னாரில் கடலுக்குப் போய் வந்த அப்பா, மீன் பொரிக்கும்போது அடுத்த முறைக்காரன் கதவருகே வந்து நிற்பதைப் பார்த்து அடுப்பைக் கூட்டி வைப்பார். கருகிய மீனைத்தான் பெரும்பாலும் சாப்பிட்டோம்.

பதின்மூன்று வயதில் அப்பாவோடு படகில் வந்தவன் நான். இங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு படித்தவர் எனக்கு முன்னால் யாருமில்லை. பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது. எங்கள் விசாவுக்கு நான் வெளிநாட்டு மாணவன், கட்டணம் பல மடங்கு என்றார்கள், போகவில்லை. கடிதம் பெட்டிக்குள் இருக்கிறது. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. ஊரில் இருக்கும் அம்மாவைத் தொலைபேசித் திரையில் மட்டும் பார்க்கிறோம். விசாவைப் புதுப்பிக்கும் மின்னஞ்சல் வரும்வரை, வந்த பிறகு அடுத்தது வரும்வரை என்று நாட்கள் போகின்றன.

பண்ணைக்கார அம்மாவின் தகப்பன் இத்தாலியிலிருந்து வந்து அந்த மலையில் செஸ்நட் மரங்கள் வைத்தவர். பிறகு மரங்களுக்கு ஒரு நோய் வந்தது. அரசாங்க ஆட்கள் வந்து அடியோடு வெட்டி எரித்துவிட்டார்கள். பல வருடங்கள் அந்த மண்ணில் செஸ்நட் வைக்கவே தடை. இப்போது அனுமதி கிடைத்திருந்தது. நோயில்லாத இடத்திலிருந்து கொட்டைகளை வாங்கி, ஈர மரத்தூளுக்குள் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்து, வசந்தத்தில் தொட்டிகளில் முளைக்கவிட்டவர் பண்ணைக்கார அம்மாதான். கொட்டை வாங்கி வந்த அன்று முள்ளோடு ஒரு காயை எங்களுக்குக் காட்டினார். அப்பா ஆசையாக எடுத்துவிட்டு, "அம்மோ!" என்று கையை உதறினார்.

"ரம்புட்டான் எண்டு நினைச்சன், தம்பி. ஊசியைப் போட்டுத் தச்சு வச்சிருக்கிறாள்."

சுட்டுத் தந்தது சர்க்கரைவள்ளி போல இனித்தது. தின்றுவிட்டு, "இது எங்கட வத்தாளங்கிழங்குதானே, இதுக்கோ இவ்வளவு முள்ளு?" என்றார்.

கோடையில் பண்ணைக்கார அம்மா மூன்று வாரம் சிட்னியில் மகள் வீட்டுக்குப் போனார். போகும்போது ஒரே ஒரு விதி சொன்னார்: விரலை மண்ணுக்குள் விட்டுப் பார், உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடு. இந்த மரத்தின் வேருக்கு ஈரம் ஆகாது. அப்பாவுக்கும் சொன்னேன். தண்ணீர் விடும் நாளை எழுத ஒரு தாளைக் கொட்டகைக் கதவில் ஒட்டினேன். ஆங்கிலத்தில், அழகான கையெழுத்தில், கோடு போட்டு. பண்ணைக்கார அம்மா திரும்பி வந்து பார்க்க வேண்டுமென்றுதான்.

வெயில் ஏறியது. மூன்றாம் நாள் மதியம் இலைகள் தொங்கின. விரல் உள்ளே ஈரத்தைத்தான் தொட்டது.  ஆனாலும் மாலையில் பூட்டப் போகும்போது ஹோஸ் குழாயை இழுத்துக் கொஞ்சம் ஊற்றினேன். தாளில் எழுதவில்லை. அடுத்த நாளும் ஊற்றினேன். காலை ஆறு மணிக்கே நடந்து வேலைக்குப் போகிற அப்பா, நான் பத்து மணிக்கு வருவதற்குள் தானும் ஊற்றினார். அது எனக்குத் தெரியாது. வேர் அழுகும்போதும் இலை தாகத்தில் வாடுவது போலத்தான் வாடும் என்பதும் எனக்குத் தெரியாது. வாட வாட ஊற்றினோம்.

திரும்பி வந்த பண்ணைக்கார அம்மா ஒரு கன்றைத் தொட்டியிலிருந்து உருவினார். வேர் கறுத்து நாறியது. இன்னொன்றை உருவினார். பிறகு கதவிலிருந்த தாளைப் படித்தார். நான்கு நாளுக்கு ஒருமுறை, என் பெயர், மிகச் சரியாக. யார் தண்ணீர் ஊற்றியது என்று என்னைக் கேட்டார்.

அப்பாவுக்கு அந்த முகம் விளங்கியது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மீ, மெடம். வாட்டர், மீ."

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் வாய்க்குள்ளேயே இருந்தது. 

பதினொரு கன்று மிஞ்சியது. இலை உதிர்ந்த குளிர்காலத்தில் பண்ணைக்கார அம்மா எங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். புல் மூடிய சரிவு. இடத்தைக் குச்சியால் காட்டிக்கொண்டே போனார், நான் குழி வெட்டினேன், அப்பா நட்டார். மேலே அந்த வீடு தெரிந்தது. பதினொரு மரத்துக்குக் காவலுக்கு ஆள் தேவையில்லை என்று வரும் வழியிலேயே மெதுவாகச் சொல்லியிருந்தார். அதை நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை.

முதல் கன்றை நட்டதும் அப்பா வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஊத்தட்டோ, தம்பி?"

அவர் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. பண்ணைக்கார அம்மா தூரத்தில் நின்றார்.

"அப்பா, நானும் ஊத்தினனான். ஒவ்வொரு நாளும் பின்னேரம்."

"தெரியும்."

"எப்பிடி?"

"ஹோஸை நான் சுருட்டுற மாதிரியோ நீ சுருட்டுவாய்? கடல்ல கயித்தை அப்பிடிச் சுருட்டியிருந்தா உன்னைத் தூக்கித் தண்ணிக்குள்ள போட்டிருப்பன்."

"தெரிஞ்சும் ஏன் ஊத்தினீங்கள்?"

"நீ பயந்து பயந்து கொஞ்சமாத்தான் ஊத்தியிருப்பாய் எண்டு நினைச்சன்."

"அப்ப ஏன் நீங்கள் மட்டும் எண்டு சொன்னீங்கள்?"

"அந்தத் தாளில உன்ர பேர் கிடந்ததே." வாளியை ஆட்டினார். "ஊத்தட்டோ, வேண்டாமோ?"

"ஒரு வாளி ஊத்துங்கோ."

காய்க்க இன்னும் சில வருடங்கள் ஆகும், அப்போது வந்து சாப்பிட வேண்டும் என்று பண்ணைக்கார அம்மா சொன்னார். கட்டாயம் வருவோம் என்றேன். எங்கள் விசா அடுத்த மாதம் முடிகிறது. திரும்பும் வழியெல்லாம் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, நானும்தான் ஊற்றினேன் என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன். கிரான்பர்னில் இறங்கினோம். நன்றி மட்டும் சொன்னேன்.

வீட்டுக்குள் போனபோது ஒன்பது பத்து. அடுப்பில் வேறு யாரோ பருப்பு தாளித்துக்கொண்டிருந்தான்.

"எங்கட முறை போயிட்டுது," என்றார் அப்பா. மண் ஒட்டிய சப்பாத்தோடு குசினி வாசலில் நின்றோம், அவன் முடிக்கட்டும் என்று.