நீலப் புட்டி, பச்சைப் புட்டி

ஹோகெவேன் ஊரின் கேம்பிங் கடையில் கூடாரங்களையும் மடக்கு நாற்காலிகளையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஹேஷா நேராகக் கடைசி வரிசைக்குப் போய் நின்றாள். கேரவன் கழிவறைக்கு ஊற்றும் மருந்துகளெல்லாம் அங்கேதான் அடுக்கியிருந்தன. நீலம், பச்சை, ரோஸ் என்று புட்டிகள், பொட்டலங்கள், மாத்திரைகள். ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தை மூக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"மோதிரம் வாங்கப் போனப்பக்கூட நீ இவ்வளவு நேரம் எடுத்துக்கல," என்றான் அவள் கணவன் ரூலஃப்.

"மோதிரம் நாறாதே! சும்மா இரு, படிக்கவிடு."

அவள் அவ்வளவு பரபரத்ததற்குக் காரணம் இருந்தது. ஹேஷா தபால்காரி. மழையோ பனியோ, சைக்கிளை மிதித்து ட்ரென்டே மாகாணத்தின் அந்த மூலையில் வீடு வீடாகத் தபால் போட்டவள். நாற்பதைத் தொடும்போது பெருங்குடலில் புண் வந்தது. வயிறு கூப்பிட்டால் உடனே போயாக வேண்டும். ஒரு நிமிடம் பொறு என்று அதனிடம் பேரம் பேச முடியாது. ஒருநாள் யார் வீட்டு வேலியோரமோ நடக்கக்கூடாதது நடந்துவிட, அழுதுகொண்டே சைக்கிளைத் தள்ளியபடி வீடு திரும்பினாள். வேலை போயிற்று. அதற்குப் பிறகு அவள் உலகம் சுருங்கிக்கொண்டே வந்தது. எந்தக் கடையில் கழிவறை உண்டு, எந்தப் பெட்ரோல் பங்கில் சாவி கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்தக் கழிவறைகளுக்கு அப்பால் அவளுக்கு ஊரே கிடையாது. பால் லாரி ஓட்டும் ரூலஃப் நாடு முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, பார்த்ததையெல்லாம் அவளிடம் சொல்லுவான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொள்வாள்.

கேரவன் யோசனை அவளுடையதுதான். ஒருநாள் காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் கத்தியை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினாள்.

"ரூலஃப்! நாமதான் இத்தனை வருஷமா கழிவறையைத் தேடிப் போறோம். அது நம்ம பின்னாடி வந்தா என்ன?"

ரூலஃபுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் காபிக் கோப்பையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அவனுடைய ஒன்றுவிட்ட தம்பியிடம், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் பழைய கேரவன் ஒன்று சும்மா நின்றிருந்தது. மெத்தை கிழிசல், திரை சாயம்போனது. அதைப் பற்றி ஹேஷா கவலைப்படவில்லை. கழிவறையை மட்டும் புத்தம்புதிதாக மாட்டவைத்தாள். இருக்கைக்கு அடியில் பயணப்பெட்டி மாதிரி ஒரு கழிவுப் பெட்டி இருக்கும். நிரம்பியதும் வெளியிலிருந்து இழுத்து, சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வரலாம். அந்தப் பெட்டிக்குள் ஊற்றும் மருந்து சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெயில் நாளில் கேரவனுக்குள் மனிதர் இருக்க முடியாது. அதிலும் ஹேஷாவின் வயிறு மற்றவர்களின் வயிறு இல்லை.

அன்று கடையில் அவள் முதலில் எடுத்தது நீலம். "கிருமியை அடியோட கொல்லுமாம். கெட்டிக்கார மருந்து," என்று மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். ரோஸ் புட்டி எதற்கு என்று ரூலஃப் கேட்டதற்கு, "அது மேல ஊத்துற தண்ணித் தொட்டிக்கு. கீழ ஊத்திடாத, ரெண்டும் வேற வேற!" என்று ஏதோ தேர்வில் முதலிடம் வாங்கியவள்போலப் பெருமையாகச் சொன்னாள்.

உடனே வெளியூர் கிளம்ப அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. வீட்டு வாசலிலேயே கேரவனை நிறுத்தி, ஒரு வாரம் அதற்குள் குடியிருந்து பார்த்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது.

"லீவுக்கு எங்க போயிருக்கீங்க?" என்று எதிர்வீட்டுக்காரர் கத்துவார்.

"வாசலுக்கு! சாப்பாடு சுமார், ஆனா கழிவறை அஞ்சு நட்சத்திரம்!" என்று ஹேஷா பதிலுக்குக் கத்துவாள்.

நீலம் நாற்றத்தை ஒரேயடியாக அமுக்கிவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் நெடி தாங்காமல் ரூலஃபுக்குத் தலைவலி வந்தது. "கழிவறையில பல் டாக்டர் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு," என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அதே வாரம், நாட்டின் இன்னொரு கோடியான ஸேலாண்டில், கடலுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் கேரவன் நிறுத்த இடம் பதிவுசெய்ய ஹேஷா போன் போட்டாள். பண்ணைக்காரி நெல்லா எடுத்த எடுப்பில் கேட்டாள்:

"நீலமா, பச்சையா?"

"நீலம்," என்றாள் ஹேஷா.

"அப்படின்னா வராதீங்க. கோவிச்சுக்காதீங்க, எங்களுக்கு ஊர்ச் சாக்கடை கிடையாது, சொந்தத் தொட்டிதான். அதுல இருக்கிற நல்ல கிருமிங்கதான் எல்லாத்தையும் தின்னு தீர்க்குது. உங்க நீலத்தைக் கொட்டினா அதுங்க செத்துப்போயிடும். அப்புறம் என் வீட்டுக்காரர் இறங்கிக் கழுவணும். அவர் ஏற்கெனவே சிடுமூஞ்சி."

அப்படித்தான் பச்சைப் புட்டி வந்தது. இதற்குள் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருந்தன. கொல்லாமல், தின்று செரிக்கிற வகை. மறுபடியும் வாசலில் சோதனை. நெடி இல்லை, நாற்றமும் இல்லை. ஹேஷா பெட்டியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு ரூலஃபின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கிளம்புவதற்குச் சற்று முன் குடலில் லேசாகக் கிருமித்தொற்று இருக்கிறது என்று டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார். "போகலாமா?" என்று கேட்டாள். "தாராளமா போங்க, மாத்திரையை மட்டும் விடாதீங்க," என்றார். வேறென்ன வேண்டும்? கிளம்பிவிட்டார்கள்.

தெற்கே போகும் நெடுஞ்சாலையில், நீர்ப்பரப்பின் மேல் நீண்டு கிடக்கும் பாலத்தில், சிவப்பு விளக்கு எரிந்தது. பாய்மரப் படகுகளுக்கு வழிவிடப் பாலம் நடுவில் மெல்ல மேலெழுந்தது. முன்னும் பின்னும் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. அந்த நேரம் பார்த்து ஹேஷாவின் வயிறு கூப்பிட்டது.

பழைய பயம் திரும்பி வந்தது. கண் சுற்றிலும் கழிவறையைத் தேடியது. எதிரே பாலம், பின்னால் லாரி, எங்கும் கட்டடமே இல்லை. பிறகுதான் உறைத்தது. ஏன் பயப்பட வேண்டும்? கார்க் கதவைத் திறந்தாள். இறங்கினாள். எல்லாரும் பார்க்கப் பார்க்கக் கேரவன் கதவைத் திறந்து உள்ளே போனாள். சற்று நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, ராணிபோல வெளியே வந்தாள்.

பின்னாலிருந்த லாரிக்காரன் தலையை நீட்டினான். "அக்கா, எனக்கும் கொஞ்சம் இடம் கிடைக்குமா?"

"சொந்தமா ஒண்ணு வாங்கிக்கடா தம்பி! வாழ்க்கையே மாறிடும்!" என்றாள் ஹேஷா. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாலம் இறங்கி வண்டிகள் நகர்ந்தபோது ரூலஃபும் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பண்ணை அவள் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. உருளைக்கிழங்கு வயலுக்குப் பின்னால் புல்தரை, அதில் கொஞ்சம் கேரவன்கள், காற்றில் உப்பு வாசனை. நெல்லா பருத்த உடம்பும் உரத்த குரலும் உள்ளவள். வந்த அன்றே ஒரு தட்டில் பட்டைப்பொடியும் சர்க்கரையும் போட்டுச் சுருட்டிய ஸேலாண்ட் ரொட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். பழுப்பாக, பிசுபிசுவென்று, சுருண்டு கிடந்த அதன் உருவத்தைப் பார்த்துவிட்டு ரூலஃப் ஹேஷாவைப் பார்த்தான். ஹேஷா உதட்டைக் கடித்தாள்.

"சிரிச்சுத் தொலைங்க," என்றாள் நெல்லா. "எல்லாரும் அதைத்தான் நினைக்கிறாங்க. தின்னு பார்த்துட்டு அப்புறம் பேசுங்க."

மூன்றாம் நாள் வெயில் ஏறியது. அதோடு நாற்றமும் ஏறியது. முதலில் ரூலஃப் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். அதிலேயே ஹேஷாவுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியைக் கொட்டிக் கழுவி, பச்சையை அளவுக்கு மேலேயே ஊற்றினாள். மறுநாள் இன்னும் மோசம். பக்கத்துக் கேரவனில் இருந்த பிரபாண்ட் மாகாணத்துக்காரி, டோரின் என்பவள், தன் மேசையை எடுத்து மறுபக்கம் போட்டுக்கொண்டதைப் பார்த்ததும் ஹேஷாவின் முகம் செத்துவிட்டது.

"வீட்டுக்குப் போயிடலாம்," என்றாள் ரூலஃபிடம். "நம்மளால முடியாது. என் வயித்துக்கு எந்த மருந்தும் ஆகாது."

"பேசாம இரு. ஒரு புட்டிகிட்ட தோத்துப்போறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று சொல்லிவிட்டு ரூலஃப் நேராக டோரினிடம் போனான். அவள் என்ன ஊற்றுகிறாள் என்று கேட்டான். டோரின் உள்ளேயிருந்து எடுத்து வந்து காட்டினாள். அதே பச்சை, அதே புட்டி.

"என் பெட்டியில ஒரு நாத்தமும் இல்லையே!" என்றாள் டோரின். "நான் மீன் விக்கிறவ, என் மூக்கு சும்மா சொல்லாது. மேசையை நான் நிழலுக்காகத்தான் நகர்த்தினேன். சரி, பொய் எதுக்கு, கொஞ்சம் நாத்தத்துக்காகவும்தான்."

ஹேஷா புல்லில் உட்கார்ந்து யோசித்தாள். அதே மருந்து. அதே வெயில். அதே தண்ணீர். வாசலில் வேலைசெய்தது, இங்கே செய்யவில்லை. அப்படியானால் மாறியது என்ன? சாப்பாட்டு நேரமாகிவிட்டது. வழக்கம்போல மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றை அழுத்தி உள்ளங்கையில் எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோன கை நின்றது.

"ரூலஃப்!"

"என்ன? வயிறா?"

"இல்ல! இது! இந்த மாத்திரை எதுக்கு? கிருமியைக் கொல்ல. இது என் உடம்புல மட்டுமா நிக்கும்? வெளிய வர்றப்ப இதுவும் சேர்ந்து வருதில்ல? நாம புட்டியில காசு கொடுத்துக் கிருமி வாங்கி ஊத்துறோம், நான் மேலேருந்து மருந்தைப் போட்டுக் கொன்னுக்கிட்டிருக்கேன்!"

டோரின் தொடையைத் தட்டிக்கொண்டு, "அடிப் பாவி, கொலைகாரி!" என்று கூவினாள். அந்தக் கூவலில் நெல்லாவும் வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டாள். சட்டென்று ஹேஷாவுக்கு வேறொரு பயம் வந்தது. "அப்ப உங்க தொட்டி? அதுலயும் நான்தானே கொட்டினேன்?"

"எங்க தொட்டியா?" நெல்லா சிரித்தாள். "அது எருமை மாதிரி. ஒரு ஆளோட மாத்திரை அதுக்குக் கொசுக்கடி. லிட்டர் கணக்கா நீலம் கொட்டினாத்தான் படுக்கும். நீங்க மாத்திரையை நிறுத்திடாதீங்க, மருந்தைத்தான் மாத்தணும். உயிரில்லாதது எதையாவது பாருங்க, ஏற்கெனவே செத்ததை யாரு கொல்ல முடியும்?"

அன்று பிற்பகலே சீரிக்சே நகரத்துக் கடைக்குப் போனார்கள். இந்த முறை ஹேஷா என்ன தேடுகிறோம் என்று தெரிந்து தேடினாள். உயிருள்ள நுண்ணுயிர் உண்டு என்று எழுதியிருந்த பச்சைகளை ஒதுக்கினாள். பூ வாசனை மட்டும் தருபவற்றை ஒதுக்கினாள். "நாத்தத்துமேல ரோஜா வெச்சா ரோஜாவும் நாறும்," என்று முணுமுணுத்தாள். கடைசியில், தண்ணீரில் கரையும் தாளில் கட்டிய சிறு பொட்டலங்கள் அகப்பட்டன. வெறும் நொதிகள், அதாவது என்சைம்கள். கழிவைக் கரைப்பவை, ஆனால் உயிரில்லாதவை. சொந்தத் தொட்டி உள்ள இடங்களிலும் கொட்டலாம் என்று போட்டிருந்தது. நெல்லாவுக்குப் போன் போட்டு, பொட்டலத்தின் பின்பக்கம் முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டினாள். கடையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"போடுங்க, போடுங்க! சம்மதம்!" என்று நெல்லாவின் குரல் போனிலிருந்து கடை முழுக்கக் கேட்டது.

பெட்டியைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, இரண்டு பொட்டலங்களைப் போட்டாள். அன்று மாலை அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மறுநாள் முந்தைய நாளைவிடக் கடும் வெயில். கேரவன் தகரம் தொட்டால் சுட்டது. பிற்பகல் பெட்டியை உருட்டிக்கொண்டு கொட்டும் தொட்டிக்குப் போனபோது பின்னால் ஒரு சிறு ஊர்வலமே வந்தது. ரூலஃப், டோரின், நெல்லா, ஒன்றும் பேசாத நெல்லாவின் கணவர்.

ஹேஷா மூடியைத் திருகினாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக விட்டார்கள்.

டோரின் குனிந்து நன்றாக இழுத்து மோந்தாள். நிமிர்ந்தாள். "என் கடையைவிடத் தேவலை," என்று தீர்ப்பு சொன்னாள்.

ஹேஷா கத்திய கத்தலில் வேலிக்கு அப்பால் மேய்ந்த மாடுகள் தலை தூக்கின. ரூலஃபைப் பிடித்துச் சுற்றினாள். கையில் கையுறை இருப்பதைப் பார்த்து அவன் அலறிக்கொண்டு விலகினான். நெல்லாவின் கணவர் முதன்முறையாக வாயைத் திறந்தார். "நீலம் இல்லைன்னா சரி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஹேஷாவைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. அடுத்த கோடையில் டென்மார்க், அதற்கடுத்து நார்வே மலைகள். புண் போய்விடவில்லை. வரும், தணியும், மறுபடி வரும். மாத்திரை சாப்பிடும் காலத்தில் பொட்டலம், சாப்பிடாத காலத்தில் பச்சை என்று கேரவன் அலமாரியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பாள்.

ஆனால் அவளைக் கேட்டால் அந்த முதல் பயணத்தின் அந்தப் பிற்பகலைத்தான் சொல்லுவாள். பெட்டியை மாட்டிவிட்டு, கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கேரவனோடு கடற்கரை வண்டி நிறுத்தத்துக்கே போய்விட்டார்கள். ஹேஷா மணல் மேட்டில் ஏறினாள். மேலே நின்று பார்த்தவள், செருப்பைக் கழற்றி வீசிவிட்டு மறுபக்கம் ஓட ஆரம்பித்தாள். நீச்சலுடைகூட மாற்றவில்லை. வட கடலின் தண்ணீர் ஜூன் மாதத்திலும் பல்லைக் கிட்டவைக்கும். கழுத்துவரை இறங்கி நின்றுகொண்டு, கரையில் துண்டோடு தயங்கி நின்ற ரூலஃபைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"குளிருதாடி?" என்று அவன் கத்தினான்.

"உயிரே போகுது! நீயும் வா!"

ரூலஃப் துண்டை மணலில் போட்டுவிட்டு, சட்டையோடேயே தண்ணீருக்குள் ஓடினான்.