கழித்த ஐந்து கிலோ

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஏதோ சத்தம் வருகிறது, மலைக்குக் கீழே தாப்பாவில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு என்றார். கடிதத்தில் எடை எழுத வேண்டும். கிளினிக் தராசு பழுது. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு அனுப்பினார்.

தராசுக் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். முப்பத்தெட்டு கிலோ. நிறுவை எழுதும் கணக்கர், கிராணி, கொழுந்துக்குக் கழிக்கிற பழக்கத்தில், சாக்குக்கும் மழைத் தண்ணீருக்குமாக ஐந்தைக் கழித்து முப்பத்து மூன்று என்று எழுதினார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கொழுந்தில் அரைக் கிலோ குறைத்தாலும் மல்லுக்கு நிற்பவள் நான். அன்றைக்குக் கால் கடுத்தது. இதயத்துக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம் என்று கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் எடையைக் கடிதத்திலிருந்தே எடுத்துக்கொண்டு, மெஷின் வைத்து இதயத்தை அளந்தார்கள். இந்த உடம்புக்கு இதயம் கொஞ்சம் பெரிது, ஓடக்கூடாது, ஆறு மாதம் கழித்து வா என்றார்கள். பள்ளி ஓட்டத்தில் முதலாவதாக வருகிறவள் லயத்து வீட்டு வாசலிலேயே உட்கார்ந்தாள். தண்ணீர் வாளியைத் தொட்டாலும் கத்தினேன். பயந்து பயந்தே அலுத்துப் போனேன்.

மறுமுறை போனபோது நர்ஸ் எடை பார்த்தாள். நாற்பது. டாக்டர் பழைய கடிதத்தைப் புரட்டினார்.

"ஆறு மாசத்துல ஏழு கிலோவா? கால் வீங்குதாம்மா?"

"இல்லிங்க டாக்டர். அப்பவே முப்பத்தெட்டு. கிராணிதான் அஞ்சு கழிச்சிட்டாரு."

"எதுக்கு?"

"சாக்குக்கும் தண்ணிக்கும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி அளந்து, கணக்குப் போட்டார்.

"போன தடவை இதயத்தை அளந்ததுல தப்பில்லம்மா. பிள்ளைங்க இதயம் உடம்புக்கு ஏத்த மாதிரிதான் வளரும். உயரம், எடை ரெண்டையும் வச்சுத்தான் பெருசா சரியான்னு சொல்லுவோம். எடையைக் குறைச்சு எழுதினதால இதயம் பெருசா தெரிஞ்சிருக்கு. இவளுக்குச் சரியாத்தான் இருக்கு. அந்தச் சத்தத்தாலயும் பயமில்ல. ஓடட்டும்."

சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. தாப்பாவிலிருந்து பஸ் வளைந்து வளைந்து மலையேறியது. மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நாங்கள் இறங்கும் ரிங்லெட் நெருங்கும்போது கேட்டாள்:

"கொழுந்தா இருந்தா சும்மா இருந்திருப்பியாம்மா?"

பஸ் நின்றதும் அவள் எனக்கு முன்னால் இறங்கிப் போனாள்.